எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை: முடிவெடுக்கும் நாளிலிருந்து ஐந்தாம் வருடம் வரை

இந்த ஆபரேஷனைப் பற்றி விசாரிக்க வருகிறவர்களில் பெரும்பாலோர் டயட், ஜிம், மூலிகைப் பொடி, பேலியோ என்று எல்லாவற்றையும் ஒரு சுற்று பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். பத்து கிலோ குறைத்து பன்னிரண்டு கிலோ ஏற்றிக்கொண்டவர்கள். "கொஞ்சம் வாயைக் கட்டக்கூடாதா?" என்ற கேள்வியை வருடக்கணக்கில் கேட்டு நொந்துபோனவர்கள். அவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: உங்கள் மனவலிமையில் குறை இல்லை. எடை குறைந்ததும் பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் கூடும், உடல் செலவழிக்கும் ஆற்றல் குறையும், போன எடையை உடலே திருப்பி இழுக்கும். உடல் பருமன் ஒரு நோய். அதற்கு இருக்கும் சிகிச்சைகளில் அறுவை சிகிச்சையும் ஒன்று.

உணவு ஆலோசகராக இத்தனை காலம் பார்த்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது இதுதான்: இரைப்பையை அறுவை சிகிச்சை நிபுணர் சின்னதாக்கிவிடுவார், சமையலறையை நீங்கள்தான் மாற்ற வேண்டும். சோறு நடுவில், மற்றதெல்லாம் தொட்டுக்கொள்ள என்று பழகிய வீட்டில் அந்த வரிசை மாறாவிட்டால், நன்றாக நடந்த ஆபரேஷனும் மூன்றாம் வருடத்தில் பலம் இழக்கும்.

யாருக்கு இது பொருந்தும்

கணக்கு பி.எம்.ஐ.யில் தொடங்குகிறது. கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 160 சென்டிமீட்டர் உயரமும் 90 கிலோ எடையும் உள்ளவருக்கு 35 வரும். 1991 முதல் பல வருடங்களாக 40க்கு மேல், அல்லது சர்க்கரை, ரத்தக்கொதிப்பு போன்றவை இருந்தால் 35க்கு மேல் என்பதே உலக அளவுகோல். 2022ல் அமெரிக்க, சர்வதேச அறுவை சிகிச்சைச் சங்கங்கள் சேர்ந்து அதைத் தளர்த்தின. இப்போது 35க்கு மேல் உள்ள எவருக்கும் பரிந்துரைக்கலாம், 30 முதல் 35 வரை உள்ளவர்களுக்கு வளர்சிதை மாற்ற நோய்கள் இருந்தால் பரிசீலிக்கலாம். நம்மைப் போன்ற ஆசியர்களுக்கு வயிற்றைச் சுற்றிய கொழுப்பும் சர்க்கரை நோயும் குறைந்த எடையிலேயே வந்துவிடுவதால், 27.5லிருந்தே இந்த வாய்ப்பைச் சொல்லலாம் என்கிறது அதே வழிகாட்டுதல்.

காப்பீட்டுக் கம்பெனிகளின் கணக்கு வேறு. இந்தியாவில் பாலிசிகளில் உள்ள பொது விதிப்படி 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், மருத்துவர் பரிந்துரை வேண்டும், பி.எம்.ஐ. 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். 35க்கு மேல் என்றால் இதய நோய், கடுமையான தூக்க மூச்சுத்திணறல், கட்டுப்படாத சர்க்கரை போன்ற ஒன்றாவது சேர்ந்திருக்க வேண்டும், வேறு வழிகளை முயன்று பார்த்ததற்கு ஆதாரமும் வேண்டும். எனவே பழைய டயட் சீட்டுகள், சர்க்கரை ரிப்போர்ட்டுகள் எதையும் தூக்கிப் போடாதீர்கள். காத்திருப்புக் காலம் எவ்வளவு என்பதை பாலிசியில் எழுத்துப்பூர்வமாகப் பார்த்த பிறகே தேதி குறியுங்கள்.

எந்த வகை

நம் ஊரில் அதிகம் காதில் விழுவது மூன்று. ஸ்லீவ் முறையில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுக்கப்படுகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் பெரும்பாலும் அந்தப் பகுதியில்தான் சுரக்கிறது என்பதால் பசியும் அடங்குகிறது. வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது. பைபாஸ் முறையில் ஒரு சின்னப் பை அளவுக்கு மட்டும் இரைப்பையைப் பிரித்து, சிறுகுடலை அதனுடன் நேரடியாக இணைக்கிறார்கள். மினி பைபாஸ் என்பது அதையே ஒரே இணைப்போடு செய்வது.

தேர்வு செய்யும்போது ஒரு கேள்வியை நேராகக் கேளுங்கள்: "எனக்கு நெஞ்செரிச்சல் இருக்கிறது, ஸ்லீவ் சரிவருமா?" பின்லாந்தில் இரண்டு முறைகளையும் ஒப்பிட்ட ஆய்வில், பத்து வருடம் கழித்து ஸ்லீவ் செய்தவர்களில் 31 சதவீதம் பேருக்கு உணவுக்குழாய் அழற்சி இருந்தது, பைபாஸ் செய்தவர்களில் 7 சதவீதம். ஏற்கெனவே புளித்த ஏப்பமும் எரிச்சலும் உள்ளவர்களுக்கு இது பெரிய வித்தியாசம். நீண்ட நாள் சர்க்கரை நோயாளிகளுக்கும் பைபாஸ் பக்கம்தான் தராசு கொஞ்சம் சாயும். ஆனால் பைபாஸில் சத்துக் குறைபாடும், இணைப்பில் புண் வரும் ஆபத்தும் அதிகம். மூட்டுவலிக்காக வலி மாத்திரையை விட முடியாதவர், சிகரெட்டை விட முடியாதவர் அந்தப் பக்கம் போவதற்கு முன் நன்றாக யோசிக்க வேண்டும்.

மருத்துவமனையைப் பார்க்கும்போது சலுகை விலையைக் கடைசியில் பாருங்கள். தீவிர சிகிச்சைப் பிரிவு அதே கட்டடத்தில் உண்டா, மயக்க மருந்து நிபுணருக்குப் பருமனானவர்களைக் கையாண்ட அனுபவம் உண்டா, இரவில் சிக்கல் வந்தால் யார் வருவார்கள், மூன்று வருடம் கழித்தும் அங்கே ஒரு டயட்டீஷியன் உங்களைப் பார்ப்பாரா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வேறு இடம் பாருங்கள்.

முந்தைய மூன்று மாதம்

சோதனைகள் ஒரு பக்கம் நடக்கும்: மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c), தைராய்டு, பி12, வைட்டமின் டி, இரும்புச்சத்து, வயிற்று ஸ்கேன், எண்டோஸ்கோப்பி, இதயப் பரிசோதனை. சத்தமாகக் குறட்டை விடுபவர்களுக்குத் தூக்கப் பரிசோதனையும் உண்டு. மூச்சுத்திணறல் இருப்பது தெரிந்தால், ஆபரேஷனுக்கு முன்பே இரவு மாஸ்க் மெஷினைப் பழகிக்கொள்ளச் சொல்வார்கள். பி12, வைட்டமின் டி குறைபாடு நம்மிடம், அதுவும் சைவர்களிடம் மிகச் சாதாரணம். அதை இப்போதே சரிசெய்துவிட வேண்டும், பிறகு ஏற்றுவது கடினம். புகைப்பவர்கள் குறைந்தது ஆறு வாரத்துக்கு முன் முழுமையாக நிறுத்த வேண்டும்.

மறுபக்கம் வீட்டில் நடக்க வேண்டிய பயிற்சி. இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். மூன்று பழக்கங்களை மட்டும் இந்த நாட்களிலேயே கைக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

முதலாவது, சாப்பிடும்போது தண்ணீர் குடிக்காமல் இருப்பது. சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு நிறுத்தி, முடிந்து அரை மணி நேரம் கழித்துத்தான் மறுபடி குடிக்க வேண்டும். ஒவ்வொரு கவளத்துக்கும் ஒரு மடக்கு தண்ணீர் என்று வளர்ந்தவர்களுக்கு இது லேசில் வராது.

இரண்டாவது, மெல்லுவது. ஒரு வாயை இருபது இருபத்தைந்து முறை மென்று, கூழானதும் விழுங்கி, அப்புறம்தான் அடுத்த வாய். பிசைந்த சோறு மெல்லாமலே இறங்கிப் பழகியது. எனவே பயிற்சியைச் சுண்டலில் தொடங்குங்கள்.

மூன்றாவது, தட்டின் வரிசை. முதலில் முட்டையோ மீனோ பனீரோ கெட்டிப் பருப்போ. அடுத்து காய். சோறு, இட்லி, தோசை கடைசியில், இடம் இருந்தால். இதற்கு வீட்டில் சமைப்பவரும் ஆலோசனைக்கு வந்தே ஆக வேண்டும். ஒருமுறை ஒரு மாமியார் மருமகளுடன் வந்திருந்தார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது சரி மேடம், ரெண்டு இட்லி கூடவா சாப்பிட மாட்டா? தெம்பு எங்கிருந்து வரும்?" என்றார். அக்கறையில் வந்த கேள்வி அது. இட்லி ஒன்றில் இரண்டு கிராம் அளவுதான் புரதம், முட்டை ஒன்றில் ஆறு கிராம் என்று எழுதிக் காட்டியதும் அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அதன் பிறகு அந்த வீட்டில் முட்டையை வேகவைத்து மசித்துக் கொடுத்தவரே அவர்தான்.

கடைசி இரண்டு வாரம்

குறைந்த மாவுச்சத்தும் அதிகப் புரதமும் கொண்ட திரவ உணவு பெரும்பாலும் இந்த நாட்களில் தொடங்கும். புரோட்டீன் பவுடர் கலந்த பால், மோர், வடிகட்டிய சூப் போன்றவை. எடையைக் குறைப்பதைவிட இதில் முக்கியமான வேலை ஒன்று இருக்கிறது. இரைப்பை மேல் படர்ந்து கிடக்கும் கல்லீரலில் கொழுப்பு குறைந்து அது சுருங்கினால்தான் லேப்ராஸ்கோப்பி கருவிகளுக்கு வழி கிடைக்கும். எனவே "ஆபரேஷனுக்கு முன்னால் கடைசியா ஒரு பிரியாணி" என்று யாரும் விருந்து வைக்க வேண்டாம்.

சர்க்கரை நோயாளிகள் இங்கே மிகவும் கவனமாக இருக்க வேண்டும். சாப்பாடு இவ்வளவு குறையும்போது பழைய அளவு இன்சுலின் போட்டால் சர்க்கரை ஆபத்தாகத் தாழ்ந்துவிடும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளால் கீட்டோன் அமிலம் ரத்தத்தில் ஏறும் அபாயம் உண்டு, அவற்றை ஆபரேஷனுக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பே நிறுத்துவது வழக்கம். எதை, எப்போது, எவ்வளவு குறைப்பது என்று உங்கள் மருத்துவரிடம் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு மாதம்

ஆபரேஷன் ஆன அன்று மாலையே நடக்க வைப்பார்கள். காலில் ரத்தம் உறையாமல் இருக்க அதுதான் முதல் மருந்து. பெரும்பாலானவர்கள் இரண்டு மூன்று நாளில் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். முதலில் தண்ணீரைக்கூட மூடி மூடியாகத்தான் குடிக்க முடியும். பாட்டிலைத் தூக்கிக் கடகடவென்று குடிக்கும் காலம் போய்விட்டது. போனில் அலாரம் வைத்து, பதினைந்து நிமிடத்துக்கு இரண்டு மூன்று மடக்கு என்று நாள் முழுவதும் உறிஞ்சினால்தான் ஒன்றரை லிட்டரைத் தொட முடியும்.

வாரக் கணக்கு மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும். பொதுவாக முதல் இரண்டு வாரம் திரவம், அடுத்த இரண்டு வாரம் மசியல், அதற்கடுத்த இரண்டு வாரம் மென்மையான உணவு, ஏழாவது எட்டாவது வாரத்தில் வழக்கமான சாப்பாடு. திரவம் என்றதும் நம் வீடுகளில் கஞ்சியும் பழச்சாறும் இளநீரும் வரிசை கட்டும். எப்போதாவது குடித்தால் தப்பில்லை, ஆனால் அதுவே முழு உணவாகிவிட்டால் தசை கரையும். பால், மோர், வடிகட்டிய பருப்புத் தண்ணீர், சிக்கன் சூப், இவற்றோடு புரோட்டீன் பவுடர் என்பதுதான் அடிப்படை. மசியல் நாட்களில் தயிர், நன்றாகக் குழைந்த பாசிப்பருப்பு, மசித்த பனீர், தளர்வாகக் கிண்டிய முட்டை, முள் நீக்கி உதிர்த்த மீன் எல்லாம் ஒத்துவரும்.

எது சிக்கிக்கொள்ளும் என்று முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது. குழைந்த சோறும் மென்மையான சப்பாத்தியும் பந்தாகத் திரண்டு அடைக்கும், முறுகலான தோசை அவ்வளவு தொல்லை தராது. ஆட்டுக்கறி, முருங்கைக்காய் நார், கீரைத் தண்டு ஆகியவற்றைச் சில மாதம் தள்ளி வையுங்கள். "மேடம், நெஞ்சுக்குழியில வந்து நின்னுடுது, வாயெல்லாம் நுரையா எச்சில் ஊறுது" என்பார்கள். அவசரமாக விழுங்கியதன் அடையாளம் அது. அப்போது மேலே தண்ணீர் ஊற்றித் தள்ளப் பார்க்காதீர்கள். எழுந்து மெதுவாக நடங்கள், இறங்கிவிடும். வயிறு நிரம்பியதை உடல் இப்போது வேறு விதமாகச் சொல்லும்: விக்கல், மூக்கில் நீர், தும்மல், நெஞ்சில் ஒரு அழுத்தம். அந்த அடையாளம் வந்த அந்த வாயிலேயே நிறுத்த வேண்டும்.

கீழ்க்கண்டவை வந்தால் காலை வரை காத்திருக்கக் கூடாது: ஓய்வில் இருக்கும்போதும் நாடித்துடிப்பு 120க்கு மேல், காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி, இடது தோள்பட்டை வலி, மூச்சுத் திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கம், கறுப்பு மலம், தண்ணீர்கூடத் தங்காத வாந்தி. தையல் போட்ட இடத்தில் கசிவு என்பது அரிது. ஆனால் அதில் மணிக்கணக்கு முக்கியம்.

வாந்தியைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பல நாள் வாந்தி எடுத்தால் உடலில் உள்ள பி1 வைட்டமின் (தயமின்) தீர்ந்துவிடும். இரட்டையாகத் தெரிவது, நடையில் தள்ளாட்டம், குழப்பமான பேச்சு என்று மூளையைப் பாதிக்கும், சில சமயம் நிரந்தரமாக. நம் ஊரில் சோர்வு என்றாலே பக்கத்து கிளினிக்கில் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றிக்கொள்வது வழக்கம். பி1 இல்லாத உடலில் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் இருப்பதும் தீர்ந்து நிலைமை மோசமாகும். அதனால் எந்த டாக்டரிடம் போனாலும், "எனக்கு எடைக் குறைப்பு ஆபரேஷன் ஆகியிருக்கிறது, பல நாளாக வாந்தி, முதலில் தயமின் ஊசி வேண்டும்" என்று நோயாளியோ கூட இருப்பவரோ சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

புரதக் கணக்கு

ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதம். அசைவம் சாப்பிடுபவர்களுக்கு வழி கொஞ்சம் சுலபம், 100 கிராம் மீனில் சுமார் 20 கிராம் வந்துவிடும். சைவர்களுக்கு உட்கார்ந்து கணக்குப் போட்டால்தான் தேறும். 100 கிராம் பனீரில் சுமார் 18, இரண்டு டம்ளர் பாலில் 10, ஒரு கிண்ணம் கெட்டித் தயிரில் 7, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 8, 30 கிராம் உலர்ந்த மீல் மேக்கரில் 15. எல்லாம் சேர்ந்தால் 58. இவ்வளவையும் உள்ளங்கை அளவு வயிற்றில் முதல் சில மாதங்களில் யாராலும் ஏற்ற முடியாது. எனவே புரோட்டீன் பவுடரை வெட்கமில்லாமல் பயன்படுத்துங்கள், ஒரு ஸ்கூப்பில் 20 கிராமுக்கு மேல் கிடைக்கும். சாம்பாரை மட்டும் நம்பாதீர்கள். ஒரு கரண்டியில் இருப்பது இரண்டு மூன்று கிராம்தான், மற்றதெல்லாம் தண்ணீரும் புளியும்.

மாத்திரைகள், ஆயுள் முழுக்க

மல்ட்டி வைட்டமின் தினமும். கால்சியம் நாளுக்கு 1200 முதல் 1500 மில்லிகிராம், இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து. கடையில் சாதாரணமாகக் கொடுக்கும் கால்சியம் கார்பனேட் கரைய நல்ல அமிலம் வேண்டும், எனவே சிட்ரேட் என்று கேட்டு வாங்குங்கள். வைட்டமின் டி ரத்த அளவைப் பார்த்து. பி12 தினசரி மாத்திரையாகவோ மாதம் ஒரு ஊசியாகவோ. இரும்புச்சத்து மாதவிடாய் உள்ள பெண்களுக்கும் பைபாஸ் செய்தவர்களுக்கும் 45 முதல் 60 மில்லிகிராம். இரும்பையும் கால்சியத்தையும் சேர்த்துப் போடக் கூடாது, இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும். காபி, டீயோடு இரும்பு மாத்திரை போடுவது போடாததற்குச் சமம்.

"டாக்டர், நல்லாத்தானே இருக்கேன்" என்று இரண்டாம் வருடத்தில் நிறுத்துபவர்கள்தான் ரத்தசோகையோடும் கால் மரத்துப்போன நிலையிலும் திரும்ப வருகிறார்கள். பி12 குறைவது வெளியே தெரிய நாளாகும், தெரியும்போது நரம்பு பாதிக்கப்பட்டிருக்கும்.

முதல் வருடத்தில் எதிர்பார்க்க வேண்டியவை

எடை வேகமாக இறங்குவது முதல் ஆறு மாதத்தில். மூன்றாவது வாரம் வாக்கில் முள் அசையாமல் நின்றுவிடும், பலர் பயந்து சாப்பாட்டை இன்னும் குறைப்பார்கள். தேவையில்லை, தானாக நகரும். வாரத்துக்கு ஒரு நாள், ஒரே நேரத்தில் மட்டும் எடை பாருங்கள். மொத்த எடையில் 25 முதல் 30 சதவீதம் குறைவது நல்ல பலன். அதாவது 110 கிலோ உள்ளவர் ஒன்றரை வருடத்தில் 77க்கும் 83க்கும் நடுவில் வருவது. கல்லூரிக் காலத்து 55 கிலோவை மனதில் வைத்துக்கொண்டு ஏமாற வேண்டாம்.

மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் முடி கொட்டும். சீப்பில் கொத்தாக வருவதைப் பார்த்து அழாத பெண்கள் குறைவு. வேகமாக எடை குறைவதற்கு உடல் காட்டும் எதிர்வினை அது. புரதமும் இரும்பும் சரியாக இருந்தால் சில மாதத்தில் மீண்டும் முளைத்துவிடும். பித்தப்பையில் கல் உருவாகும் வாய்ப்பும் இந்த நாட்களில் கூடும், அதற்கென ஆறு மாதம் மாத்திரை கொடுப்பது உண்டு.

பைபாஸ் செய்தவர்கள் இனிப்பைச் சாப்பிட்டால் அரை மணி நேரத்துக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு வரலாம். சிலருக்கு ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்துச் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். கல்யாணப் பந்தியில் அல்வாவும் பாயசமும் வைக்கும்போது "ஒரு வாய்தானே" என்பார்கள். அந்த ஒரு வாய்க்காக மண்டபத்தில் படுத்துக்கொள்ள வேண்டிவரும் என்று சொல்லிக் கும்பிட்டுவிடுங்கள்.

சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைகளை மாதாமாதம் மறுபரிசீலனை செய்ய வேண்டும். எழுந்ததும் தலை சுற்றினால் மாத்திரை அதிகமாகியிருக்கலாம். அமெரிக்காவில் நடந்த ஸ்டாம்பீட் ஆய்வில், ஐந்து வருடம் கழித்து மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 6 சதவீதம் அல்லது அதற்குக் கீழே இருந்தவர்கள் பைபாஸில் 29 சதவீதம், ஸ்லீவில் 23 சதவீதம், மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5 சதவீதம். நல்ல பலன்தான், ஆனால் எல்லோருக்கும் சர்க்கரை "போய்விடும்" என்று யாராவது வாக்குக் கொடுத்தால் நம்பாதீர்கள்.

குழந்தை வேண்டும் என்பவர்கள் 12 முதல் 18 மாதம் காத்திருக்க வேண்டும். எடை குறைந்ததும் நின்றுபோன மாதவிடாய் சீராகி, எதிர்பாராமல் கரு தங்குவது நடக்கிறது. பைபாஸுக்குப் பிறகு கருத்தடை மாத்திரையை மட்டும் நம்ப முடியாது, வேறு வழியை மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள்.

நடை போதாது. ஆறு வாரத்துக்குப் பிறகு, மருத்துவர் சரி என்றதும், வாரம் இரண்டு மூன்று நாள் எடை தூக்கும் பயிற்சி வேண்டும். குறைவது கொழுப்பா தசையா என்பதை அதுவும் புரதமும்தான் தீர்மானிக்கின்றன.

இரண்டாம் வருடத்துக்குப் பிறகு

பசி திரும்பும். வயிறு கொஞ்சம் நெகிழும். இது எல்லோருக்கும் நடப்பது. ஸ்வீடனில் 1987ல் தொடங்கிய நீண்ட ஆய்வில், பைபாஸ் செய்தவர்கள் முதல் இரண்டு வருடத்தில் இழந்ததில் ஒரு பகுதியைத் திரும்ப ஏற்றி, பத்தாம் வருடத்தில் 25 சதவீதக் குறைவில் நின்றார்கள். அதே ஆய்வில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் இறப்பு விகிதம், செய்துகொள்ளாதவர்களைவிடச் சுமார் 29 சதவீதம் குறைவாக இருந்தது. நாலைந்து கிலோ ஏறியதும் எல்லாம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம்.

ஆனால் எதனால் ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். மீன் துண்டு இரண்டு சாப்பிட்டாலே நிரம்பும் வயிற்றில், டீயில் நனைத்த பிஸ்கட் எத்தனை வேண்டுமானாலும் இறங்கும். மிக்சர், முறுக்கு, ஐஸ்கிரீம், பழச்சாறு எல்லாமே அப்படித்தான். மென்றதும் மாவாகி வழுக்கிக்கொண்டு போய்விடும், வயிறு நிரம்பிய உணர்வே வராது. மாலை நாலு மணிக்கு டிவி முன்னால் சம்படத்தைத் திறந்துவைத்து ஏழு மணி வரை கொறிப்பதுதான் நான் பார்த்த எடை ஏற்றங்களில் பாதிக்கு மேல். அந்த நேரத்துக்கு ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ தட்டில் வைத்து, உட்கார்ந்து சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.

மதுவைப் பற்றி ஆண்களிடமும் பெண்களிடமும் சமமாகச் சொல்கிறேன். குறிப்பாக பைபாஸுக்குப் பிறகு மது மிக வேகமாக ரத்தத்தில் ஏறும், முன்பு சாப்பாட்டில் தேடிய ஆறுதலை இதில் தேடுபவர்கள் அடிமையாகும் வாய்ப்பு இரண்டாம் வருடத்துக்குப் பிறகு கூடுகிறது. தொடாமல் இருப்பதே நல்லது. மனம் கனத்தாலும், உடம்பு இளைத்தும் கண்ணாடியைப் பார்க்கப் பிடிக்காவிட்டாலும், மனநல மருத்துவரைப் பாருங்கள். எடை குறைந்தவுடன் எல்லாத் துக்கமும் தீரும் என்று எதிர்பார்த்து, தீராதபோது தனியாகத் தவிப்பவர்கள் இருக்கிறார்கள்.

எடை தொடர்ந்து ஏறினால் மருத்துவமனையை விட்டு ஒளியாதீர்கள். பலர் வெட்கப்பட்டே வருவதை நிறுத்திவிடுகிறார்கள். தைராய்டு, தூக்கம், எடை ஏற்றும் பிற மருந்துகள், எண்டோஸ்கோப்பியில் இரைப்பையின் அளவு என்று வரிசையாகப் பார்ப்பார்கள். இந்தியாவில் 2025ல் விற்பனைக்கு வந்த டிர்செபடைட், எடைக் குறைப்புக்கான செமாக்ளூடைட் ஊசிகளையும் இப்போது சிலருக்குச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். தேவைப்பட்டால் ஸ்லீவை பைபாஸாக மாற்றுவதும் உண்டு. தொங்கும் தோலுக்கான அறுவை சிகிச்சையை எடை நிலைத்து நின்ற பிறகு, ஒன்றரை இரண்டு வருடம் கழித்து யோசித்தால் போதும்.

பரிசோதனை முதல் வருடத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அப்புறம் ஆறு மாதம், பின்னர் ஆயுள் முழுக்க வருடம் ஒருமுறை. ரத்தத்தில் இரும்பு, பி12, டி, கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன், சர்க்கரை ஆகியவற்றைப் பார்ப்பார்கள். இன்னொரு வேலையும் இருக்கிறது. உங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியையும் ஆபரேஷன் குறிப்பையும் போட்டோ எடுத்து உங்கள் போனிலும், வீட்டில் இன்னொருவர் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். பல் டாக்டரோ எலும்பு டாக்டரோ வலிக்கு மாத்திரை எழுதும் முன் அதைக் காட்டி, "இது என் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளுமா?" என்று கேளுங்கள். கர்ப்பகாலத்தில் குளுக்கோஸ் கரைசல் குடிக்கச் சொல்லும் சோதனைக்கு முன்பும் அதைக் காட்டுங்கள், பைபாஸ் செய்தவர்களுக்கு அந்தக் கரைசலே மயக்கத்தைக் கொண்டுவரும், வேறு விதமாகச் சோதிக்க வழி இருக்கிறது.